மாமாவுக்கு எச்.ஐ.வி.யும் டி.பி.யும்: டி.பி. மருந்தை ஏன் முதலில் ஆரம்பித்தார்கள்?

வைகைக்கரை | திங்கள், இரவு 10.40

தாய்மாமாவைப் பற்றி எழுதுகிறேன். வயது 47. அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷின் பார்ப்பவர். மூன்று மாதமாகப் பொழுது சாய்ந்தால் காய்ச்சல், ராத்திரியில் பனியனைப் பிழியும் அளவுக்கு வியர்வை. எடை 58இல் இருந்து 44க்கு இறங்கிவிட்டது. சளியை இரண்டு முறை பார்த்து, கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தனியார் மருத்துவர் டைபாய்டு என்று சொல்லி மூன்று வாரம் ஊசி போட்டார். கடைசியில் கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் அதில் ஊசி குத்தி எடுத்து சிபிநாட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) போட்டார்கள். காசநோய். அன்றைக்கே நம்பிக்கை மையத்தில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. பாசிட்டிவ், சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை 62.

டி.பி. மாத்திரையை அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்: "பெரிய வியாதிய விட்டுட்டு சின்ன வியாதிக்கு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்களேடா." எனக்குப் பதில் தெரியவில்லை. எச்.ஐ.வி. வந்ததால்தான் டி.பி. வந்தது என்றால் முதலில் எச்.ஐ.வி.யைத்தானே பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வணிகவியல் படித்தவன், அதற்குத் தகுந்த மாதிரி சொன்னால் நல்லது.

ஆய்வக_அண்ணாச்சி | திங்கள், இரவு 11.25

தம்பி, அத்தையிடம் சொல்லுங்கள்: இன்றைய தேதியில் மாமாவுக்கு டி.பி.தான் பெரிய வியாதி. எச்.ஐ.வி. ஆளைச் சாய்க்கப் பல வருஷம் எடுக்கும். சி.டி.4 62இல் இருக்கும் ஒருவரை, மருந்து கொடுக்காமல் விட்ட டி.பி. சில வாரங்களில் கொண்டுபோய்விடும். 2023இல் மட்டும் உலகம் முழுக்க எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறக்குறைய 1,61,000 பேர் டி.பி.யால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொல்வதில் முதலிடம் இன்றும் அதற்குத்தான்.

சளியில் ஏன் தெரியவில்லை என்பதையும் சொல்கிறேன். 31 வருஷம் ஸ்லைடு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாயம் போட்ட ஸ்லைடில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாக டி.பி. கிருமி தெரியும். ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000, 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். முன்பெல்லாம் ஆள் எலும்பும் தோலுமாக வந்தால் ஸ்லைடில் குச்சி குவிந்து கிடக்கும். 90களின் நடுவில் அது மாறியது. ஆள் நிற்க முடியாமல் வருவார், மைக்ராஸ்கோப்பில் நூறு இடம் நகர்த்திப் பார்த்தும் ஒரு குச்சி கிடைக்காது. நம் கை சரியில்லையோ, சாயம் பழசோ என்று சந்தேகப்பட்டிருக்கிறோம். காரணம் பிறகுதான் புரிந்தது. டி.பி.யில் நுரையீரலில் குழி விழுகிறதே, அதைத் தோண்டுவது பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்புதான். குழியிலிருந்துதான் கிருமி சளிக்கு வருகிறது. எதிர்ப்பே இல்லாதவருக்குக் குழியும் இல்லை, சளியில் கிருமியும் இல்லை. அது நெறியில், ரத்தத்தில், ஈரலில் என்று கண்ட இடத்துக்கும் போய்விடும். மாமாவுக்கு நெறியில் கிடைத்தது அதனால்தான்.

இரண்டு வாரம் தள்ளியதும் மறந்துபோய்ச் செய்ததில்லை. ஒரே நாளில் ஏழு மருந்தை உள்ளே விட்டு, மறுநாள் தடிப்போ மஞ்சள் காமாலையோ வந்தால் எந்த மருந்தைக் குற்றம் சொல்வது? இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நீளம். நாளைக்கு எழுதுகிறேன்.

பச்சிலை_2020 | செவ்வாய், காலை 6.10

நிலவேம்புக் கசாயம் 48 நாள் கொடுங்கள். எதிர்ப்புச் சக்தி தானாக ஏறும். இந்த மாத்திரை எல்லாம் ஈரலைக் கெடுக்கும்.

நெறியாளர் | செவ்வாய், காலை 8.30

உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் பற்றிய இழை இது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பதிவுகள் இனி நீக்கப்படும்.

நுண்ணுயிர் | செவ்வாய், மதியம் 1.15

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. பரீட்சைக்குப் படித்தது, தப்பிருந்தால் திருத்துங்கள்.

"எச்.ஐ.வி. கதவை உடைத்தது, டி.பி. உள்ளே வந்தது" என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். பாதி உண்மை. உள்ளே வந்த டி.பி. சும்மா இருப்பதில்லை, எச்.ஐ.வி.யைக் கிளப்பி விடுகிறது.

எச்.ஐ.வி. சி.டி.4 செல்லுக்குள் புகுந்து, தன் மரபணுவை அந்தச் செல்லின் டி.என்.ஏ.வோடு சேர்த்துத் தைத்துவிடும். செல் தூங்கினால் வைரஸும் தூங்கும். இப்போது டி.பி. கிருமியை மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல் விழுங்குகிறது. விழுங்கியது சாகவில்லை, உள்ளேயே குடியிருக்கிறது. செல் அலாரம் அடிக்கிறது. அந்த அலாரங்களில் ஒன்று டி.என்.எஃப். ஆல்ஃபா. அது அக்கம்பக்கத்துச் செல்களில் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை எழுப்பி உட்கருவுக்குள் அனுப்பும். நோய் எதிர்ப்புக்கான மரபணுக்களின் சுவிட்சைப் போடுவது அதன் வேலை. எச்.ஐ.வி. மரபணுவின் முனையிலும் அதே புரதம் வந்து உட்காருவதற்கு இடம் இருக்கிறது. தெருக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் இழுப்பார்களே, அந்தக் கதைதான். கரண்ட் வருவது நம் வீட்டுக்காக, எரிவது கொக்கி போட்டவன் வீட்டு விளக்கும் சேர்த்து.

நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்த டி.பி.யில் அந்த நீரை எடுத்துப் பார்த்தால், ரத்தத்தில் இருப்பதைவிட அதில் எச்.ஐ.வி. அதிகமாக இருக்கிறது. டி.பி. எங்கே சண்டை போடுகிறதோ அங்கேதான் வைரஸும் பெருகுகிறது.

டி.பி. மட்டுமில்லை. நிமோனியா தரும் நியூமோகாக்கஸும் டைபாய்டு அல்லாத சால்மொனெல்லாவும் இந்தக் கூட்டம்தான். சால்மொனெல்லா திரும்பத் திரும்ப ரத்தத்தில் கலந்தால் அது எய்ட்ஸ் நிலை என்று அமெரிக்கா 1987இலேயே வரையறுத்தது. 1993இல் நுரையீரல் டி.பி.யையும் அடிக்கடி வரும் பாக்டீரியா நிமோனியாவையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

சந்தேகப்பிராணி | செவ்வாய், இரவு 9.50

கொக்கி உவமை ரசிக்கும்படி இருக்கிறது. ஆனால் சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் ஆளுக்குள் அதே அளவுக்கு நடக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எனக்குப் புள்ளியியல்தான் தெரியும். சி.டி.4 குறைந்தவருக்கு டி.பி. வருகிறது. குறைந்தவர் சீக்கிரம் இறக்கவும் செய்வார். டி.பி. வந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள் என்றால் அது டி.பி. எச்.ஐ.வி.யைத் தள்ளிவிட்டதாலா, ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்களா?

டி.பி. எரிபொருள் என்றால், டி.பி.யைக் குணப்படுத்தியதும் வைரல் லோடு, அதாவது ரத்தத்திலுள்ள எச்.ஐ.வி. அளவு, தானாக இறங்க வேண்டும். ஏ.ஆர்.டி. இல்லாமல் டி.பி. மருந்து மட்டும் கொடுத்த பழைய ஆய்வுகளில் பலவற்றில் அது இறங்கவில்லையே.

பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தினால் எச்.ஐ.வி. கட்டுப்படும் என்று ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே ஒரு சுற்று பார்த்தாயிற்று. தான்சானியாவின் முவான்சாவில் சிகிச்சை மையங்களில் பால்வினை நோய்களைச் சரியாகக் கவனித்ததில் புது எச்.ஐ.வி. தொற்று ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 1995இல் எல்லாரும் கொண்டாடினார்கள். பக்கத்து உகாண்டாவின் ராகாயில் ஊரில் எல்லாருக்கும் வீடு தேடிப் போய் மருந்து கொடுத்தார்கள். 1999இல் முடிவு வந்தது: எச்.ஐ.வி. குறையவே இல்லை.

நுண்ணுயிர் | புதன், காலை 7.40

முவான்சாவும் ராகாயும் வேறு கேள்வி, சார். அவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதைப் பற்றியவை. ஏற்கெனவே தொற்றியவருக்குள் நோய் எப்படி நகர்கிறது என்பது தனி. அந்த இரண்டு ஊர்களும்கூட ஒன்றில்லை. முவான்சாவில் எச்.ஐ.வி. பரவ ஆரம்பித்த காலம். ராகாயில் நன்றாக வேர்விட்ட பிறகு. முவான்சாவில் நோய்க்குறி உள்ளவர் வந்தால் உடனே மருந்து, ராகாயில் பல மாதத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் மருந்து.

வைரல் லோடு இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் புதிதாக எத்தனை வீட்டில் கொக்கி போட்டிருப்பார்கள்? அந்தப் புதுச் செல்கள் டி.பி. போன பிறகும் உடம்பில் இருக்கும். அதனால்தான் ஏ.ஆர்.டி.யும் சேர்ந்து வேண்டும் என்கிறோம்.

"விளிம்பில் நின்றவர்கள்" வாதத்துக்குத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றிய முதல் வருஷத்துக்குள்ளேயே அவர்களிடம் டி.பி. இரண்டு மடங்கானது. 2005இல் வெளியான ஆய்வு. சி.டி.4 இன்னும் நன்றாக இருக்கும் காலம் அது. டி.பி.யை அடையாளம் கண்டு சண்டை போடும் சி.டி.4 செல்கள்தான் முதலில் பலியாகின்றன என்று பிறகு வந்த வேலைகள் காட்டின. சண்டைக்கு எழுந்து நிற்கும் செல்லைத்தான் வைரஸ் பிடிக்கும். அது எண்ணிக்கையில் தெரியாது.

ஆய்வக_அண்ணாச்சி | புதன், இரவு 8.20

நேற்றைய பாக்கி. முன்பு ஆறு மாத டி.பி. சிகிச்சையை முடித்துவிட்டுத்தான் ஏ.ஆர்.டி. என்று சில இடங்களில் வைத்திருந்தார்கள். மாத்திரைச் சுமை, ஈரல், பக்கவிளைவு என்ற பயம். டர்பனில் நடந்த சாபிட் ஆய்வு அதை மாற்றியது. 642 பேர். டி.பி. சிகிச்சையின் நடுவிலேயே ஏ.ஆர்.டி. ஆரம்பித்தவர்களில் இறப்பு 56 சதவீதம் குறைவு. அப்புறம் நடுவில் என்றால் எப்போது? கம்போடியாவின் கமீலியா ஆய்வு 661 பேரிடம் பார்த்தது, அவர்களில் பெரும்பாலோர் நம் மாமாவைவிட மோசமான நிலையில் இருந்தவர்கள். இரண்டாம் வாரம் ஆரம்பித்தவர்களில் 18 சதவீதம் பேர் இறந்தார்கள், எட்டாம் வாரம் ஆரம்பித்தவர்களில் 27 சதவீதம். மாமாவுக்குச் சொன்ன இரண்டு வாரக் கணக்கு அங்கிருந்து வந்தது. மூளைக்காய்ச்சல் டி.பி. என்றால் மட்டும் இன்னும் தள்ளிப்போடுவார்கள்.

சந்தேகப்பிராணி சார் கேள்வி நியாயமானது. ஆனால் ஸ்லைடு பார்ப்பவனுக்கு ஒன்றுதான் தெரியும்: இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் நடந்து வருகிறார்.

இன்னொன்று, நம் ஊர்க் கதை. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டது 1986இல் சென்னையில், சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும். அதன் பிறகு நோயாளிகள் வந்து குவிந்தது எங்கே? தாம்பரம் சானடோரியத்தில். 1928இல் டி.பி.க்காகவே கட்டிய இடம். எச்.ஐ.வி.க்கு என்று யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இருமிக்கொண்டு வந்தவர்கள் எச்.ஐ.வி.யையும் கொண்டுவந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி.யை ஆரம்பித்தபோது முதல் மையங்களில் அதுவும் ஒன்று.

வைகைக்கரை | ஐந்தாம் வாரம், வெள்ளி, இரவு 11.55

எல்லாருக்கும் நன்றி. ஆனால் இப்போது புதுப் பிரச்சினை. டி.பி. மாத்திரையில் காய்ச்சல் நின்று, மாமா சாப்பிட ஆரம்பித்தார். 14ஆம் நாள் ஏ.ஆர்.டி. ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தார். நேற்று முதல் 102 டிகிரி காய்ச்சல். கழுத்து நெறி எலுமிச்சை அளவுக்கு வீங்கிச் சிவந்துவிட்டது. "இந்தப் புது மாத்திரைதான்டா என்னைக் கொல்லுது" என்று டப்பாவைத் தூக்கி எறிந்தார். ராத்திரி மாத்திரை இன்னும் போடவில்லை. என்ன செய்ய?

ஆலோசகி_தென்மாவட்டம் | வெள்ளி, நள்ளிரவு 12.20

தம்பி, நான் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். இப்போதே மாத்திரையைப் பொறுக்கி எடுத்துக் கொடுங்கள். காலையில் முதல் வேலையாக மையத்துக்கு அழைத்துப் போங்கள். மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலி, குழப்பமான பேச்சு இருந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நீங்கள் சொல்வது ஐரிஸ் மாதிரி இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது வரும் கொந்தளிப்பு. இத்தனை நாள் காவல்காரன் மயங்கிக் கிடந்தான். ஏ.ஆர்.டி. கொடுத்ததும் விழித்துக்கொண்டு, உள்ளே செத்தும் சாகாமலும் கிடக்கும் டி.பி. கிருமியைப் பார்த்து வெறிகொண்டு அடிக்கிறான். அடி விழும் சத்தம்தான் காய்ச்சலும் வீக்கமும். சி.டி.4 நூறுக்குக் கீழ் இருந்து, டி.பி. சிகிச்சை ஆரம்பித்த ஒரு மாதத்துக்குள் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களைத் தென்னாப்பிரிக்காவில் பின்தொடர்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வந்தது. ஏ.ஆர்.டி.யோடு சேர்த்தே நான்கு வாரம் பிரெட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் வந்தது. ஆனால் ஐரிஸ்தானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருந்துக்கு மசியாத டி.பி.யும் இப்படித்தான் தலைகாட்டும், அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு தரக் கூடாது.

ராத்திரி மாத்திரை என்றீர்களே, தனி அட்டையில் இருக்கும் டோலுடெக்ராவிர் 50தானே? அதைத் தவறவிடவே கூடாது. டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சாக்குகிற அதே மருந்து, ஈரலைத் தூண்டி டோலுடெக்ராவிரை வேகமாகக் கரைத்துவிடும். அதனால்தான் காலையில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை, இரவில் இது தனியாக இன்னொன்று. இரவு மாத்திரையை விட்டால் வைரஸுக்கு அரைகுறை மருந்துதான் போய்ச் சேரும், எதிர்ப்பு பழகிவிடும். "ஒரே மருந்தை ரெண்டு தடவை தப்பாக் குடுத்துட்டாங்க" என்று நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்குப் பரிசோதனை ஆயிற்றா? நெகட்டிவ் என்றாலும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை. வீட்டில் உள்ள எல்லாருக்கும் டி.பி. இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து கேளுங்கள்.

வைகைக்கரை | சனி, மாலை 5.30

அக்கா, ராத்திரியே கொடுத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு மாத்திரை உருண்டு கிடந்தது, டார்ச் அடித்துத் தேடினேன். காலையில் போனோம். மருந்துக்கு மசியாத வகை இல்லை என்று பழைய சிபிநாட் முடிவிலேயே இருந்ததாம், மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். ஐரிஸ் என்றுதான் சொன்னார்கள். நெறியில் ஊசி குத்திச் சீழ் எடுத்தார்கள். எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. அத்தை நெகட்டிவ்.

ஒரு குறை. காத்திருக்கும் கூடத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஜன்னல் மூடியிருந்தது, நாலைந்து பேர் இருமிக்கொண்டே இருந்தார்கள்.

ஆய்வக_அண்ணாச்சி | சனி, இரவு 9.05

ஜன்னலைத் திறக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள், தப்பில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நதால் மாகாணத்தில் டுகேலா ஃபெர்ரி என்று ஒரு கிராமத்து மருத்துவமனை. 2005, 2006இல் அங்கே ஏறக்குறைய எந்த மருந்துக்கும் மசியாத டி.பி. 53 பேருக்கு இருந்தது தெரியவந்தது. 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் பாதிப் பேர் 16 நாளுக்குள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்த 44 பேருமே பாசிட்டிவ். அவர்களில் பாதிப் பேருக்கு அதற்கு முன் டி.பி. சிகிச்சையே நடந்ததில்லை. மூன்றில் இரண்டு பங்குப் பேர் அதற்குச் சற்று முன்பு ஏதோ ஒரு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்தது என்று யாரும் கைகாட்ட முடியவில்லை. வார்டில் தொற்றியிருக்கிறது.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 10.15

மாமா தேறி வரட்டும். என் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை, ஆனால் நகர்ந்திருக்கிறது. தேடியபோது குடல் பற்றிய விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. 2006இல் பிரெஞ்ச்லி, டூயெக் குழு எழுதியது. எச்.ஐ.வி. ஆரம்பத்திலேயே குடல் சுவரிலுள்ள சி.டி.4 செல்களை அழித்துவிடுகிறதாம். சுவர் கசிந்து, குடலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்களின் சுவர்த் துண்டுகள் ரத்தத்தில் கலந்து எதிர்ப்பு மண்டலத்தை ஓயாமல் உசுப்பிக்கொண்டே இருக்கின்றன. வெளியிலிருந்து தொற்று எதுவும் வராமலேயே கொக்கிக்குக் கரண்ட். மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குக்கு இதே குடும்பத்து வைரஸ் எக்கச்சக்கமாக இருந்தும் எய்ட்ஸ் வருவதில்லை. அதன் குடல் கசிவதில்லை, எதிர்ப்பு மண்டலம் கொதிப்பதுமில்லை.

அப்படியென்றால் வைரஸ் எத்தனை என்பதைவிட உடம்பு எவ்வளவு கொதிக்கிறது என்பதுதான் கணக்கா? ஆனால் குடல் பாக்டீரியாவைக் குறைக்க ரிஃபாக்ஸிமின் கொடுத்துப் பார்த்ததில் பெரிதாக எதுவும் மாறவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பெயருக்கு அழகில்லை.

நுண்ணுயிர் | ஞாயிறு, மதியம் 12.40

சார் என் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள், ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

மாமா தினமும் போடும் பெரிய வெள்ளை மாத்திரை, கோட்ரைமாக்சசோல், அதையும் கவனியுங்கள். கடையில் செப்ட்ரான் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். சாம்பியாவில் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கு இதைக் கொடுத்ததில் இறப்பு 43 சதவீதம் குறைந்தது. அந்த ஊர்ப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இந்த மருந்துக்கு ஏற்கெனவே பழகிப்போனவை, அப்படியும் வேலை செய்தது. 2017இல் உகாண்டா, ஜிம்பாப்வே, மலாவி, கென்யாவில் ரியாலிட்டி என்ற ஆய்வு. சி.டி.4 நூறுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு ஏ.ஆர்.டி., கோட்ரைமாக்சசோலோடு டி.பி. தடுப்புக்கான ஐ.என்.எச்., பாக்டீரியாவுக்கு அசித்ரோமைசின், பூஞ்சை மருந்து, பூச்சி மாத்திரை எல்லாம் சேர்த்து ஆரம்பத்திலேயே கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இறப்பு 12.2 சதவீதத்திலிருந்து 8.9 ஆனது. எல்லாமே மலிவான மாத்திரைகள்.

வைகைக்கரை | நான்காம் மாதம், புதன், இரவு 9.10

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா தெரியவில்லை. நெறி வற்றி வடு மட்டும் இருக்கிறது. மாமா போன வாரம் முதல் அரைநாள் வேலைக்குப் போகிறார். வைரல் லோடு ஆறாம் மாதம்தான் எடுப்பார்களாம்.

இன்று எடை பார்த்தார்கள். 51. எடை கூடியதால் டி.பி. மாத்திரையை மூன்றிலிருந்து நான்காக ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்: "உடம்பு தேறினா மாத்திரையக் குறைப்பாங்களா, கூட்டுவாங்களா? இதையும் போய் உன் நெட்டு ஆளுககிட்ட கேளு."

ஆய்வக_அண்ணாச்சி | புதன், இரவு 9.32

கூட்டுவார்கள் என்று சொல்லுங்கள். மாத்திரை ஆளுக்கு இல்லை, கிலோவுக்கு. 65 தொட்டால் ஐந்து.